அப்பா பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

வெள்ளிக்கிழமை காலை. கிள்ளானில் எங்கள் வீட்டு ஹாலில் மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதன் மேல் வாழையிலை, இலையின் மேல் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி. பெட்டிக்கு மல்லிகைச் சரம். முன்னால் தேங்காய், பழம், வெற்றிலை, ஊதுவத்தி. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்திருந்தால் இந்த வீட்டில் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். பார்க்க வந்தது கம்ப்யூட்டரை.

பந்திங்கிலிருந்து அத்தை முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். பிரிக்பீல்ட்ஸில் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருந்த முத்தையா அங்கிள் கடையைக் கொஞ்சம் தாமதமாகத் திறக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். நான் ஷா ஆலம் தொழிற்சாலை ஆபீசுக்கு லீவு போட்டிருந்தேன். அப்பா வெள்ளை வேட்டியில், நெற்றி நிறையத் திருநீறோடு, மாவிலையும் மஞ்சள் தண்ணீர்ச் செம்புமாக நின்றார்.

"பத்தரைக்கு ராகு காலம் வந்துரும். ஆவட்டும், ஆவட்டும்" என்று அத்தை விரட்டினார்.

அப்பா மாவிலையால் பெட்டி மேல் நாலு சொட்டு தெளித்தார். கற்பூரம் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "போடும்மா" என்றார். நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு, சுவர் சுவிட்சைப் போட்டு, முன்பக்கத்துப் பொத்தானை அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

கேட்டவருக்கு ஒரு வார்த்தை

இந்தக் கதையை இந்த வாரப் பத்தியில் எழுத வேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. சாலாக் செலாத்தானிலிருந்து ஒரு வாசகி ஆசைப்பட்டுக் கேட்டுவிட்டார். "அக்கா, நானே சாமான் வாங்கி சொந்தமா ஒரு கம்ப்யூட்டர் கட்டணும். முதல் தடவ. நீங்க கட்டியிருக்கேன்னு எழுதியிருந்தீங்களே, என்னென்ன பார்க்கணும்?"

தங்கச்சி, நான் கட்டியது ஒன்றே ஒன்று. அது கட்டிய அன்றைக்கு ஓடவில்லை. என்னிடம் யோசனை கேட்பது, சமைக்கத் தெரியாதவளிடம் பிரியாணிக்குப் பக்குவம் கேட்கிற மாதிரி. ஆனாலும் அடிபட்டவளுக்குச் சில விஷயம் தெரியும். தெரிந்ததைச் சொல்கிறேன், நடுநடுவே அப்பா வந்துகொண்டே இருப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதற்காகக் கட்டினேன்

முதலில் இதைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். எதற்கு? விளையாடவா, படிக்கவா, வேலைக்கா? அது தெரியாமல் கடைக்குப் போனால் கடைக்காரன் தலையில் மிளகாய் அரைத்து அனுப்பிவிடுவான்.

எனக்கு அது தெளிவாகத் தெரிந்திருந்தது. நாள் முழுக்க ஆபீசில் வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறுகளில் முத்தையா அங்கிள் கடையில் உட்கார்ந்து பத்திரிகை வடிவமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, எல்லாம். பிள்ளையார் சுழியை எங்கே வைத்தால் அழகு என்று யோசித்துக்கொண்டே ரயிலில் தூங்கிப் போவேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அங்கிள் ஒருநாள் சொன்னார்: "தேவி, உனக்கு வீட்டுல ஒரு நல்ல மெஷின் இருந்தா, கடை வேலை மொத்தமும் உன்கிட்டயே கொடுத்துர்றேன்லா. நீ எதுக்கு ஷா ஆலமுக்கும் கிள்ளானுக்கும் அலையணும்?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அப்படித்தான் இருந்தது எனக்கு. தொழிற்சாலை ஆபீசை விட்டுவிடலாம். வீட்டிலேயே, அம்மா போன பிறகு தனியாகச் சோறு தின்றுகொண்டிருந்த அப்பாவோடேயே, எனக்குப் பிடித்த வேலை. அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது அதுதான்.

லோரிக்காரரின் யோசனை

அப்பா ஆயுசு முழுக்க கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு அ, ஆ தெரியாது. ஆனால் என்னோடு ரயிலேறி கோலாலம்பூர் வந்து, கடை கடையாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு கடையிலும் பெட்டியின் கனத்தைத் தூக்கிப் பார்ப்பார். கடைப் பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள்.

மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் சாமானை, பவர் சப்ளை என்கிறோமே, அதை நான் மலிவாக வாங்கப் பார்த்தேன். அப்பா விடவில்லை.

"இது பேட்டரி மாதிரிதானேம்மா? பேட்டரில கை சுருக்காத. லைட்டு, ஹாரன்லாம் அப்புறம் மாத்திக்கலாம்."

தங்கச்சி, பின்னால் தெரிந்தவர்கள் பலரிடம் கேட்டுவிட்டேன். எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். பவர் சப்ளை நல்லதாக வாங்குங்கள். மதர்போர்டு என்கிற தாய்ப்பலகைக்கும் பிராசஸருக்கும் ஜோடிப் பொருத்தம் உண்டா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள், பிராசஸரில் கொஞ்சம் மாறினாலும் அந்தப் பலகையில் உட்காராது. மெமரி போட இரண்டு இடமாவது காலியாக விட்டு வையுங்கள். நானும் விட்டு வைத்தேன், வேலை பெருகினால் போட்டுக்கொள்ளலாம் என்று.

மூளைக்கும் பொட்டு

வீட்டில் சாப்பாட்டு மேசையில், சாமான் வந்த அட்டைப் பெட்டி மேலேயே பலகையை வைத்துக் கட்டினேன். பாய் மேலோ, கார்ப்பெட் மேலோ வைத்து வேலை செய்யாதீர்கள். கையில் ஓடுகிற சின்ன மின்சாரம் போதும், சாமான் போய்விடும். அடிக்கடி இரும்புப் பெட்டியைத் தொட்டுக்கொள்ளுங்கள். நான் தொடும்போதெல்லாம் அப்பாவும் பக்தியாகத் தொட்டுக்கொண்டார்.

டார்ச் லைட் பிடிப்பது அவர் வேலை. லோரிக்கு அடியில் படுத்துப் பழகியவர், நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே வெளிச்சம் சொல்லாமலே வந்து நிற்கும்.

பிராசஸரை வைக்கும்போது அழுத்தக் கூடாது. மூலையில் இருக்கும் முக்கோணக் குறியைப் பார்த்து வைத்தால் அது தானாகவே உட்காரும். மெமரிப் பட்டை அதற்கு நேர் எதிர், 'டக்'கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். நான் பயந்து பயந்து அழுத்தினேன். அப்பா தன் கட்டை விரலால் ஒரே அழுத்து. உட்கார்ந்துவிட்டது.

பிராசஸர் மேல் சூடு கடத்தும் பசையைப் பட்டாணி அளவு வைத்தேன். அப்பா குனிந்து பார்த்தார்.

"என்னாம்மா, மூளைக்கே பொட்டு வைக்கிற?"

"வைக்கலன்னா சூடாயி எரிஞ்சிரும்ப்பா."

"அப்போ கம்ப்யூட்டர்காரனுக்கும் பொட்டோட அருமை தெரிஞ்சிருக்கு" என்றார் பரம திருப்தியோடு. நான் சிரித்த சிரிப்பில் ஒரு திருகாணி உருண்டு ஓடிவிட்டது. இருவரும் மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடினோம்.

என் வாழ்க்கையில் ரொம்பச் சந்தோஷமாக இருந்த நாள் எது என்று யாராவது கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன்.

நல்ல நேரம்

இந்த இடத்தில் தங்கச்சி, காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். எல்லாவற்றையும் பெட்டிக்குள் பூட்டுவதற்கு முன்னால், வெளியில் வைத்தே ஒருமுறை மின்சாரம் கொடுத்து ஓடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். நான் பார்த்த காணொளி ஒவ்வொன்றும் இதைச் சொன்னது.

நானும் கம்பியைக் கையில் எடுத்தேன். அப்பா தடுத்தார்.

"முதல் ஸ்டார்ட்டு நல்ல நேரத்துலதான்ம்மா. வெள்ளிக்கிழமை அத்தையும் வருது, முத்தையாவையும் கூப்பிட்டிருக்கேன். சாமி கும்பிட்டுட்டுப் போடுவோம். என் லோரிக்கெல்லாம் அப்படித்தான் செஞ்சேன், ஒரு தடவகூட என்னை நடு ரோட்டுல நிப்பாட்டல."

எதிர்த்துப் பேச மனசு வரவில்லை. அம்மா போன பிறகு அந்த முகத்தில் அப்படியொரு களையை நான் பார்த்ததில்லை. சரிப்பா என்று கம்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

அதற்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் எனக்கு எப்போது வந்தது தெரியுமா? பல வருஷம் கழித்து, ஷா ஆலமிலிருந்து வீட்டுக்கு வரும்போது ஜாமில் மாட்டிக்கொண்டு, முன்னால் நின்ற புது லோரியைப் பார்த்தபோது. 'ஏம்ப்பா, உங்க புது லோரிய கம்பெனிக்காரன் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமலா கொடுத்தான்?' எவ்வளவு சுலபமான கேள்வி! கேட்டிருந்தால் அப்பா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான், போட்டுப் பாரு" என்று சொல்லியிருப்பார். அவர் நியாயத்துக்குக் கட்டுப்படுகிற மனுஷர். ஆனால் பாழாய்ப்போன மூளை வேண்டிய நேரத்தில் எங்கே வேலை செய்கிறது?

வியாழக்கிழமை சாயந்திரமே பெட்டியை மூடி, பின்னால் மின்கம்பியைச் செருகி, பவர் சப்ளையின் சொந்தச் சுவிட்சையும் நானே 'ஆன்' செய்து வைத்தேன். சுவரில் இருந்த சுவிட்சை மட்டும் போடவில்லை. காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அப்பா சந்தனம் குழைத்து, பெட்டிக்கு நாலு பக்கமும் பொட்டு வைத்து, மேலே குங்குமமும் வைத்து, பூச்சரமும் போட்டுவிட்டார். வண்டியானால் நாலு பக்கமும் பொட்டு வைக்க வேண்டும் என்பது அவர் சட்டம். "பின்னால வைக்காம விட்டா பின்னாலதான் வந்து இடிப்பான்" என்பார்.

பொத்தானை அழுத்திய பிறகு

திரும்ப அழுத்தினேன். இன்னொரு தரம். சுவர் சுவிட்சை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். பக்கத்துத் தகட்டைக் கழற்றி, ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. கல்லுப் பிள்ளையார் மாதிரி அது அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"என்னாடி இது, முதல் முதல்ல..." என்று அத்தை ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

முத்தையா அங்கிள் நல்லவர். காப்பி குடித்தார், கேசரி சாப்பிட்டார். எழுந்து போகும்போது என் தோளைத் தட்டி, "பரவால்லலா தேவி. சரியானதும் சொல்லு, பாத்துக்கலாம்" என்றார். ஆனால் கல்யாண மாதம் நமக்காகக் காத்திருக்குமா? இரண்டு வாரத்தில் வேறொரு பெண்ணிடம் வேலையைக் கொடுத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. பெட்டியின் மேல்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே காற்று போவதற்கு வரிசையாகத் துளைகள். துளைகளைச் சுற்றி மஞ்சள் சொட்டுகள்.

"நான் தெளிச்ச தண்ணி உள்ள போயிருச்சும்மா" என்றார்.

மறுநாளே பெட்டியைத் துண்டில் சுற்றிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "பாஸ், நான் சாமி கும்பிடறப்போ தண்ணி தெளிச்சிட்டேன்" என்று மலாயில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். கடைக்காரர் பெட்டி மேலிருந்த குங்குமத்தையும் மஞ்சளையும் பார்த்தார். தொடக்கூட இல்லை.

"கெனா ஆயர்? வாரண்டி ஹபிஸ் லா, அங்கிள்."

தண்ணீர் பட்டதா, அப்படியானால் வாரண்டி தீர்ந்தது. அவ்வளவுதான் பேச்சு. அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. பொய் சொல்லத் தெரியாத அப்பா வாய்த்தால் இப்படித்தான்.

ரயிலில் திரும்பும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "பரவால்லப்பா" என்றேன். பரவாயில்லை என்றால் தப்பு அவருடையதுதான் என்று ஆகிவிடுகிறதே, அது அப்போது புத்திக்கு எட்டவில்லை. நானும் தண்ணீர்தான் என்று நம்பினேன்.

பீரோ மேல்

பெட்டியைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி, அப்பா தன் அறை பீரோவின் மேல் வைத்தார். நான் திங்கட்கிழமை ஷா ஆலமுக்குப் போனேன். அதற்கப்புறம் போய்க்கொண்டே இருந்தேன். பத்திரிகைகளை இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், பிள்ளையார் சுழி கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன். வெளியில் சொல்வதில்லை.

என் வேலை போனதைவிட எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு அப்பா எதற்கும் பொட்டு வைக்கவில்லை. புது மோட்டார் சைக்கிள் வாங்கினார், ஆயுத பூசை வந்தது. அத்தை சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "கும்பிட்டா போதும்க்கா. என் கை ராசியில்ல." ஆயிரம் முறை சரக்கு ஏற்றி இறக்கி, ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடிக்காமல் வண்டி ஓட்டிய மனுஷரின் கை!

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கண் பீரோ மேலேயே இருந்தது.

"பொட்டி இன்னும் அங்கதானேம்மா இருக்கு?"

"இருக்குப்பா."

"உன் பொழப்பக் கெடுத்துட்டேன்" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, கஞ்சியக் குடிங்க" என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்த மாதமே அப்பாவும் போய்விட்டார்.

பழைய இரும்பு

அண்மையில் அப்பாவின் முதல் வருஷத் திவசம் முடிந்து அறையைக் காலி செய்தேன். எங்கள் தெருவில் பழைய பேப்பர், பழைய இரும்பு வாங்குகிற லோரி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு வரும். அன்றைக்கும் வந்தது. கையைத் தட்டி நிறுத்தினேன். பேப்பர் கட்டு, உடைந்த மின்விசிறி, கடைசியாகப் பெட்ஷீட் மூட்டை.

லோரிக்கார அண்ணன் மூட்டையைத் தூக்கிப் பார்த்து, "கனமா இருக்கேக்கா. பிரிச்சுப் பாக்கலாமா?" என்றார்.

பெட்ஷீட்டைப் பிரித்தேன். பூச்சரம் நாராகக் கிடந்தது. முன்னால் சந்தனம் உதிர்ந்து ஒரு கறை மட்டும். பக்கங்களிலும் அப்படியே. பின்பக்கத்தைத் திருப்பினேன். அங்கே மட்டும் சந்தனம் உதிராமல், கெட்டியாக, முழுசாக ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் கட்டை விரல் ரேகை அதில் அப்படியே தெரிந்தது.

பொட்டு இருந்த இடம் பவர் சப்ளையின் அந்தச் சின்னச் சுவிட்ச். ஒரு பாதியில் கோடு போட்டிருக்கும், மறு பாதியில் வட்டம். கோட்டுப் பக்கம் அழுத்தினால் மின்சாரம் வரும், வட்டத்துப் பக்கம் அழுத்தினால் நிற்கும். அப்பா பொட்டு வைத்திருந்தது வட்டத்தின் மேல். மெமரிப் பட்டையை அழுத்திய அதே கட்டை விரல், நன்றாக இருக்கணும் என்று நன்றாகவே அழுத்தியிருக்கிறது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாக்கா, போடவா வேணாமா?" என்றார் அண்ணன். வெளியே ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது.

"இருங்கண்ணே. இது வேணாம். இது இல்ல."

மூட்டையை நானே உள்ளே தூக்கிக்கொண்டு போனேன். சமையலறையில் வைத்து, ரைஸ் குக்கரின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் இதன் கம்பியைச் செருகினேன். அப்போது நல்ல நேரமா, ராகு காலமா, எமகண்டமா, ஒன்றும் பார்க்கவில்லை. நகத்தால் கோட்டுப் பக்கத்தை மெல்ல அழுத்தினேன். சந்தனத்தில் கை படவில்லை. முன்பக்கத்துப் பொத்தானை அழுத்தினேன்.

விசிறி சுற்றியது. உள்ளே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அத்தனை வருஷத்துத் தூசி என் முகத்தில் பறந்தது.

"அப்பா, தண்ணி இல்லப்பா!" என்று அலறினேன். "அதுக்கு ஒண்ணுமே ஆகலப்பா!" பக்கத்து வீட்டு ஆன்டி பதறிப்போய்க் கதவைத் தட்டினார். அவரிடம் என்னவென்று சொல்வது? அழுதுகொண்டே சிரித்தேன்.

ஒரே ஒரு வருஷம். கொஞ்சம் முன்னால் அந்தப் பெட்ஷீட்டைப் பிரித்திருந்தால், கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, படுக்கைக்குப் பக்கத்திலேயே போட்டுக் காட்டியிருப்பேன். "பாருங்கப்பா, தண்ணி உள்ளயே போகல. நீங்க பொட்ட கொஞ்சம் பலமா வெச்சிட்டீங்க, அவ்ளோதான்." சிரித்திருப்பார். கையைத் தூக்கி அந்தக் கட்டை விரலைப் பார்த்திருப்பார். பிறகு அடுத்த ஆயுத பூசைக்குச் சந்தனக் கிண்ணத்தை அவரே கேட்டு வாங்கியிருப்பார்.

தங்கச்சி, ஓடாவிட்டால் முதலில் பின்பக்கத்துச் சுவிட்சைப் பாருங்கள். நேற்று நான்தானே போட்டேன் என்று நினைக்காதீர்கள், மறுபடி பாருங்கள். பொட்டு வையுங்கள், தாராளமாக வையுங்கள். பெரியவர்கள் வைக்க ஆசைப்பட்டால் கையைப் பிடித்துக் கொண்டுபோய் முன்பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

பழைய பசையைத் துடைத்துப் புதுப் பசை வைத்து, செத்துப்போயிருந்த சின்ன பேட்டரியை மாற்றி, இந்தப் பத்தியை அந்தக் கம்ப்யூட்டரில்தான் தட்டச்சு செய்கிறேன். மெதுவாகத்தான் ஓடுகிறது, எனக்கு அது போதும். வேலை முடிந்தால் முன்பக்கத்திலேயே அணைத்துவிடுகிறேன். பின்பக்கத்துச் சுவிட்சை மட்டும் தொடுவதில்லை. அதை அணைக்க வேண்டுமானால் அப்பா வைத்த இடத்தில் கை வைக்க வேண்டும்.